பார்மலின் படாத துண்டு

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு ஆபரேஷன் தியேட்டர் உதவியாள் பஞ்சவர்ணம் என் லேப் அறைக்குள் வந்தாள். ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஜாடி நிறையப் பார்மலின், தசை அழுகாமல் காக்கிற மருந்து. அதற்குள் என் மகள் வனஜாவின் இடது மார்பு.

"நம்ம பிள்ளைக்குன்னு பழைய மருந்தை ஊத்தலக்கா. புது பாட்டில உடைச்சு, வழிய வழிய ஊத்திக் கொண்டாந்திருக்கேன்" என்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்த நிம்மதி.

அந்தத் தசையில் ஒரு சொட்டுப் பார்மலின் படக்கூடாது என்பதற்காகத்தான் நானும் ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவும் அதுவரை ஓடிக்கொண்டிருந்தோம்.

அது நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. நான் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. கத்தி பிடிக்கிற கை நிதானம் தப்பிவிட்டது என்று நானே விலகிக்கொண்டேன். என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பெண்கள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். தியேட்டர் வாசலில் எதற்கு ஓர் ஐஸ் பெட்டி, மார்புக் கட்டி என்றால் மட்டும் ஏன் பார்மலினை எடுத்து வெளியே வைக்கச் சொல்கிறார்கள், பஞ்சவர்ணத்திடம் கேட்டால் எழுந்து போய்விடுகிறாள், நீங்களாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுத உட்கார்ந்தால் உள்ளுக்குள் இன்னும் படபடக்கிறது. வனஜா இப்போது மல்லாங்கிணற்றில் தன் வீட்டில் இருக்கிறாள். டாக்டரம்மாவிடம் காட்டுவதற்கு அவள் வரும் நாளில், அந்த அம்மா கை வைத்துப் பார்த்து "ஒண்ணுமில்ல, போ" என்று சொல்லும்வரை நான் வெளியே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்கினாலும் அடங்கும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தறிக்காரக் குடும்பம். வீட்டில் கன்னடம், வாசல் தாண்டினால் தமிழ். எஸ்.எஸ்.எல்.சி. வரை விட்டார்கள், பிறகு கல்யாணம். வனஜாவுக்குப் பத்து வயதிருக்கும்போது அவள் அப்பா காலமானார். மதுரையில் லேப் டெக்னீசியன் படிப்பை முடித்து, அறுபத்திரண்டில் அருப்புக்கோட்டையிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் மதுரையில் கற்றது. தசையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே எங்கள் டாக்டரம்மாவான டாக்டர் கமலவேணியிடம் கற்றது.

குட்டையான உருவம். தியேட்டரில் ஒரு மணைக்கட்டை போட்டு அதன்மேல் நின்றுதான் ஆபரேஷன் செய்வார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். "நீங்க கொஞ்சம் இங்க வாரீங்களா" என்றால் யாரோ தொலைந்தார்கள் என்று அர்த்தம். சந்தோஷமாக இருந்தால் எல்லோரும் "ஏடி"தான். நான் சேர்ந்த முதல் மாதம் முழுக்க எனக்கு மரியாதைதான் கிடைத்தது.

எந்தக் கட்டியை எடுத்தாலும் ஓரத்துத் தகர மேசையில் வைத்துத் தன் கையாலேயே இரண்டாகப் பிளப்பார். அப்போது என்னை வரச் சொல்வார்.

"கண்ண மூடு. காதக் குடு."

கொழுப்புக் கட்டி வெண்ணெய் மாதிரி சத்தமே இல்லாமல் பிரியும். புற்று அப்படி இல்லை. முற்றிப்போன நுங்கைச் சீவும்போது கத்தி நறநறவென்று இழுபடுமே, அந்த மாதிரி.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு டாக்டரம்மா."

"இப்ப மறந்துரு. ரிப்போர்ட்டு மதுரையிலருந்து வரட்டும். அதுவரைக்கும் அந்தப் பொம்பளைக்கு உன் மூஞ்சியப் பாத்து எதுவும் தெரியக்கூடாது."

காதால் கேட்டதை முகத்தில் காட்டாமல் இருக்கப் பழகுவதற்கு எனக்கு இரண்டு மூன்று வருஷம் பிடித்தது.

அடுத்த வேலை நெறி தேடுவது. மார்போடு சேர்த்து அக்குளில் இருக்கும் கொழுப்பையும் எடுப்பார்கள். அதற்குள் அங்கங்கே மொச்சைக்கொட்டை அளவிலும் கடுகளவிலும் நெறிகள், அதாவது நிணநீர் முடிச்சுகள், ஒளிந்திருக்கும். கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிக்கொண்டே போக வேண்டும். தறிக்குப் பாவு ஓட்டும்போது நூலில் விழுந்த முடிச்சைக் கண்ணால் பார்க்க மாட்டோம், விரல்தான் சொல்லும். அதே பழக்கம் இங்கே உதவியது. ஒவ்வொரு நெறியையும் தனியாக எடுத்து அனுப்புவோம். எத்தனை நெறியில் புற்று ஏறியிருக்கிறது என்பதுதான் அன்றைக்கு எங்களிடம் இருந்த ஒரே ஜோசியம். நெறிகள் சுத்தமாக இருந்தால் அந்தப் பெண் பெரும்பாலும் அடுத்த வருஷமும் வந்து காட்டுவாள். நிறைய ஏறியிருந்தால் வரமாட்டாள். "இவ்வளவுதானா இருந்துச்சு? நீங்க நல்லாத் தேடினீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டால் மறுபடியும் கொழுப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன்.

மூன்றாவது, பார்மலின். எங்கள் ஊர் வெயிலில் தசை அரைமணி நேரம் சும்மா கிடந்தாலே கெட ஆரம்பித்துவிடும். மதுரைக்குப் போவதற்குள் அழுகினால் ரிப்போர்ட்டே வராது. எடுத்த கையோடு பார்மலினில் போட வேண்டும். ஒரு பங்குத் தசைக்குப் பத்துப் பங்கு பார்மலின். தியேட்டர் உதவியாளாக இருந்த பஞ்சவர்ணத்துக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் அதைச் சாமி காரியம் மாதிரி எடுத்துக்கொண்டாள். கத்தி கீழே வைக்கப்படும் முன்னால் ஜாடி தயாராக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் வனஜா அவள் தூக்குச்சட்டியில்தான் கை வைப்பாள். "உங்க அம்மா கை மருந்து நாறுது, நீ எங்கிட்ட வா" என்று ஊட்டிவிடுவாள் பஞ்சவர்ணம்.

நெறிக் கணக்கு தப்பிப்போன இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருத்தி பரளச்சி ஊர்க்காரி முத்திருளாயி. கட்டி உடைந்து புண்ணாகி, அதன்மேல் வேப்பிலையை அரைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். நெறிகள் கொத்தாகக் கட்டியிருந்தன. மார்பை எடுக்கவே வழியில்லாத நிலை. அவளுக்கு இன்னும் மாதவிலக்கு நிற்காத வயது என்பதால், டாக்டரம்மா சினைப்பைகளை மட்டும் எடுத்தார். சில பெண்களுக்கு அதை எடுத்தால் மார்புக் கட்டி சுருங்கும் என்பது அப்போதே தெரிந்ததுதான். எந்தச் சில பெண்களுக்கு என்பதுதான் யாருக்கும் தெரியாது. முத்திருளாயிக்குப் புண் காய்ந்தது. கட்டி சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியது. வருஷா வருஷம் ஒரு பையில் துவரையைக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவாள்.

"சாகப் போறேன்னீக, எப்பன்னு சொல்லலையே டாக்டரம்மா. நானும் பாத்துப் பாத்து மூணு வெள்ளாமை எடுத்துட்டேன்."

"நாலாவது எடுத்துட்டு வா, சொல்றேன்" என்பார் டாக்டரம்மா.

இன்னொருத்தர் வீரசோழனில் கடை வைத்திருந்த ஒருவரின் மனைவி. சின்ன வயது. சின்னக் கட்டி. நான் தேடி எடுத்த நெறிகளில் ஒன்றே ஒன்றில்தான் ஏறியிருந்தது. முத்திருளாயிக்குக் கேட்டது இவருக்கும் கேட்கும் என்று நம்பி, மார்போடு சினைப்பைகளையும் டாக்டரம்மா எடுத்தார். கேட்கவில்லை. அடுத்த ரம்ஜான் நோன்புக்கு அவர் இல்லை. சில வாரம் கழித்து அவர் கணவர் வந்தார். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"இன்னொரு பிள்ளை வேணும்னு அவுகளுக்கு ஆசை டாக்டரம்மா. அதையும் சேத்து எடுத்தீகளே, அது எதுக்கு ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்க வரல."

டாக்டரம்மா எழுந்து நின்றார். பிறகு, "எனக்குத் தெரியலய்யா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அதிலிருந்து, மதுரையில் நடக்கும் டாக்டர்கள் கூட்டம் எதற்குப் போனாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பல வருஷம் பதில் வரவில்லை. எழுபதுகளின் நடுவில் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஓர் இளம் டாக்டர் மதுரையில் ஆராய்ச்சி தொடங்கினார். அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று டாக்டரம்மா நேராக என் அறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஏடி ராஜம்மா, நாம இத்தன வருஷம் கட்டி எங்க எங்க போயிருக்குன்னே தேடிக்கிட்டிருந்தோம். கட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கவே இல்லடி."

சில கட்டிகளுக்குள் ஒரு புரதம் இருக்கிறதாம். சினைப்பையிலிருந்து ரத்தத்தில் வரும் சுரப்பை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. அதைத் தின்றுதான் கட்டி வளர்கிறது. அந்தப் புரதம் இருக்கிற கட்டிக்குச் சினைப்பையை எடுத்துவிட்டால் சாப்பாடு நின்றுபோகும். அப்படிப்பட்ட பெண்கள் கூடுதல் காலம் பிழைக்கவும் வாய்ப்பு உண்டு. புரதம் இல்லாத கட்டிக்குச் சினைப்பையை எடுத்துப் பிரயோஜனமே இல்லை. வீணாக ஒரு பெண்ணை மலடாக்கியதுதான் மிச்சம். கட்டியின் ஒரு துண்டைக் கொடுத்தால் அந்தப் புரதம் இருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்வார். ஆனால் பார்மலின் பட்டால் போச்சு. பச்சைத் தசையாக, எடுத்த உடனே ஐஸில் வைத்து வந்து சேர வேண்டும்.

"நம்ம ஊர்ல ஐஸா?" என்றேன்.

"குச்சி ஐஸ் கம்பெனி இருக்குல்ல" என்றார்.

அந்த ஏற்பாட்டில் நாங்கள் அனுப்பப்போகும் முதல் துண்டு யாருடையதாக இருக்குமோ என்று பேசிக்கொண்டிருந்தோம். வனஜா ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லாங்கிணற்றிலிருந்து வந்தாள். குளித்துவிட்டு வந்து, "அம்மா, இங்க தொட்டுப் பாரேன்" என்றாள். தொட்டேன். என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கும் வித்தை அன்று என் மகளிடமே எனக்குத் தேவைப்பட்டது.

அவளுக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஐந்து வருஷம். குழந்தை இல்லை, இரண்டு தடவை தரித்துக் கலைந்திருந்தது. சின்னத் துண்டு எடுத்து மதுரைக்கு அனுப்பியதில் புற்று என்று வந்தது. மார்பை எடுத்தே ஆக வேண்டும். சினைப்பைகளை எடுப்பதா வேண்டாமா என்பதை மட்டும் புரதம் தெரிந்த பிறகு முடிவு செய்யலாம் என்றார் டாக்டரம்மா.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு எல்லாம் திட்டம் போட்டு வைத்திருந்தோம். உமி பரப்பிய மரப்பெட்டியில் ஐஸ் பாளம் வந்திருந்தது. ஐஸை உடைத்துக் கல்லுப்பைக் கலந்தால் குளிர் இன்னும் இறங்கும் என்பதால் உப்பும் தயார். டாக்டரம்மாவே தியேட்டரில் கட்டியைப் பிளந்து, ஒரு துண்டைக் கண்ணாடிக் குழாயில் போட்டுத் தருவார். என்னை உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனால் மார்பைப் பிரித்து எடுத்த நேரத்தில் அக்குளில் ஒரு ரத்தக்குழாயில் போட்ட கட்டு நழுவிவிட்டது. அவர் தட்டை அப்படியே பஞ்சவர்ணத்தின் பக்கம் தள்ளிவிட்டு ரத்தத்தைப் பிடிக்கப் போய்விட்டார். முதல் நாள் அத்தனை தடவை சொல்லியிருந்தும், கையில் வனஜாவின் மார்பும் கண்ணில் அத்தனை ரத்தமுமாக நின்ற பஞ்சவர்ணத்துக்கு ஒன்றுதான் நினைவில் இருந்தது. தாமதித்தால் பிள்ளையின் தசை கெட்டுப்போகும்.

ஜாடியோடு வந்து நின்றவளிடம், "ஐயோ பஞ்சவர்ணம், ஐஸுல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜாடியை மேசையில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தியேட்டர் கதவுக்கு ஓடினேன்.

"டாக்டரம்மா, பார்மலின்ல போட்டாச்சு!"

தலை திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது. "எவ்வளவு நேரம்?"

"இப்பத்தான். கொண்டாந்த நேரந்தான்."

"அப்பத் தோலும் கொழுப்பும்தான் குடிச்சிருக்கும். அது மெதுவா ஊறுற மருந்து, நடுவுக்கு இன்னும் போயிருக்காது. வெளிய எடுத்துத் துடை. காஞ்ச கத்தியால கட்டியத் திற. அப்புறம் கத்திய மாத்திக்கிட்டு நடுத்துண்ட மட்டும் எடு."

"நானா?"

"என் ரெண்டு கையும் உன் மக அக்குளுக்குள்ள இருக்குடி. நீதான்."

திரும்பி வந்தேன். பஞ்சவர்ணம் எழுந்து நின்றிருந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மார்பை எடுத்துத் துணியில் ஒற்றி, மேசையில் வைத்து, இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். "நான் பிடிச்சுக்கிடுதேன். நீ பாக்காம வெட்டாதக்கா, பாத்தே வெட்டு" என்றாள்.

பார்த்தேன். வலது ஓரத்தில் ஒரு மச்சம். குளிப்பாட்டும்போது அழுக்கு என்று நினைத்து நான் தேய்த்துத் தேய்த்துப் பார்த்த மச்சம். கத்தியை வைத்தேன். கொழுப்பு சத்தமில்லாமல் விலகியது. பிறகு நறநறவென்று இழுத்தது. கண்ணை மூடாமலே கேட்டேன். உள்ளே வெள்ளையாக, பார்மலின் வாடை ஏறாமல் இருந்தது. கத்தியை மாற்றினேன். நடுவிலிருந்து புளியங்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு. குழாயில் போட்டு, தக்கை வைத்து அடைத்து, ஐஸுக்கும் உப்புக்கும் நடுவில் புதைத்தேன். பெட்டியை மூடிக் கயிற்றால் கட்டினேன்.

பெட்டியோடு மதுரைக்குப் போனவர் என் மருமகன் சீனிவாசன். மல்லாங்கிணற்றில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அதிகம் பேசாதவர். பஸ்ஸில் நடந்ததை அவர் சொல்லி நாங்கள் கேட்டதே பெரிய விஷயம். காரியாபட்டி தாண்டுவதற்குள் பெட்டியிலிருந்து தண்ணீர் கசிந்து முன் சீட்டுக்காரர் வேட்டியை நனைத்துவிட்டது.

"என்னய்யா, மீனா?" என்றாராம் கண்டக்டர். "மீனுக்கு லக்கேஜ் போடணும்."

"மீனில்லண்ணே."

"மீனில்லாம ஐஸ் எதுக்குய்யா? அருப்புக்கோட்டையில என்ன பனி மலையா முளைச்சிருக்கு?"

முன் சீட்டுக்காரர் மோந்து பார்த்துவிட்டு, "ஏலே, வாடையே இல்லையேலே, நல்ல மீனாத்தான் இருக்கும். என்ன வெல?" என்றாராம். சீனிவாசன் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வேட்டியெல்லாம் உப்புத் தண்ணீர். மதுரை வரை அதை இறக்கவே இல்லை. லக்கேஜுக்குக் காசும் கொடுத்துவிட்டாராம்.

துண்டு நல்லபடியாக இருக்கிறது, முடிவு சொல்லச் சில வாரம் ஆகும் என்று சொல்லி அனுப்பினார் மதுரை டாக்டர். அக்குள் கொழுப்பை டாக்டரம்மா என் கையில் தரவில்லை. நெறி தேடாமல் அப்படியே முழுசாக மதுரைக்கு அனுப்பினார். நானும் தாருங்கள் என்று கேட்கவில்லை.

காயம் ஆறும்வரை வனஜா ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். ஒரு நாள் மத்தியானம் சீனிவாசன் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலுக்குப் புரியக்கூடாது என்று வனஜா எங்கள் வீட்டுப் பேச்சான கன்னடத்தில் கேட்டாள்.

"அந்தப் புரதம் இல்லேன்னு வந்தா, முட்டைப்பைய எடுக்க மாட்டாகல்ல?"

"எடுக்க மாட்டாக."

"அப்ப இல்லேன்னு வரணும்னு வேண்டிக்கோம்மா."

"அது இருந்தாத்தாண்டி உனக்கு நல்லது. கட்டிய மடக்க இன்னொரு வழி கிடைக்கும்."

"வழி எனக்கு வேணாம். எனக்கு ஒரு பிள்ளை வேணும்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீ வேண்ட மாட்ட, தெரியும். நீ லேப்புக்காரி" என்றாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "நீங்களாவது?"

"சரி" என்றார் சீனிவாசன். உரித்த சுளையை அவள் கையில் வைத்தார்.

நான் அவள் சொன்னதை வேண்டவில்லை. தினமும் காலையில் கோயில் வாசலில் நின்று, இருக்கட்டும், இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். பெற்ற மகள் ஒன்று கேட்க, அதற்கு எதிராகச் சாமியிடம் மனுப் போட்டுவிட்டு, திரும்பி வந்து அவளுக்குத் தலை வாரிவிட்டேன். அவளுக்கும் தெரியும். என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையிடம் மட்டும் பேசினாள். அவர் தன் பக்கம் என்ற தைரியம்.

முடிவைக் கேட்டு வரச் சீனிவாசனே போனார். அன்று சாயங்காலம் டாக்டரம்மா காரணமில்லாமல் வார்டுக்கு இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார். பஞ்சவர்ணம் ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தாள். மதுரை பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் துடைப்பம் நின்றது.

உள்ளே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போனார்.

"இருக்காம்" என்றார். "ரெண்டு தடவ கேட்டேன். நெறையவே இருக்காம்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வனஜா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். என் முன்னால் அவளுக்குப் பக்கத்தில் ஒரு நாளும் உட்காராத மனுஷன், அன்று கட்டிலில் உட்கார்ந்தார்.

"நான் இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன், வனஜா. உங்கிட்டச் சரின்னு சொன்னது பொய். இனி எங்கிட்டப் பேசாமக்கூட இரு. இருந்தாப் போதும்."